வெட்டி ஒட்டும் விதிகள்: ‘டி.என்.ஏ. கம்ப்யூட்டிங்’ நூல் மதிப்புரை

‘டி.என்.ஏ. கம்ப்யூட்டிங்: நியூ கம்ப்யூட்டிங் பாரடைம்ஸ்’ என்ற தலைப்பை நம்பி, சோதனைக்குழாயில் இயங்கும் கணினியைக் கட்டும் வழி உள்ளே இருக்கும் என்று எண்ணி இந்த நூலை வாங்குபவர் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டியதும் ஏமாந்துபோவார். கியோர்கே பௌன், கிரெகோர்ஸ் ரோசன்பெர்க், ஆர்ட்டோ சலோமா ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி, ஸ்பிரிங்கர் நிறுவனம் 1998-ல் வெளியிட்ட, ஏறத்தாழ 400 பக்கங்கள் கொண்ட இந்த நூல், உண்மையில், எழுத்துச் சரங்களின் தொகுதியை ‘மொழி’ என்று கொண்டு அதைப் பிறப்பிக்கும் விதிகளை ஆராயும் முறைசார் மொழிக் கோட்பாட்டைச் சேர்ந்தது. டி.என்.ஏ. மூலக்கூறு வெட்டுப்பட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும் விதத்தை எழுத்துச் சரங்களின் மீதான ஒரு செயலாக எடுத்துக்கொண்டால் அந்தச் செயலால் எந்த மொழிகளையெல்லாம் பிறப்பிக்க முடியும் என்பதுதான் இதன் மையக் கேள்வி. அந்தக் கேள்விக்காக இதைப் படிப்பவருக்கு இன்றும் இதற்கு இணையான ஒற்றை நூலைப் பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. கணிமைக் கோட்பாட்டை விருப்பப் பாடமாக நடத்திய ஆண்டுகளில் நூலகப் பிரதியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் ஏழாம், எட்டாம் அத்தியாயங்களிலேயே தங்கிவிட்ட ஒருவரின் மதிப்புரை இது.

மூவரில் சலோமா ஃபின்லாந்தின் துர்கு நகரிலும், ரோசன்பெர்க் நெதர்லாந்தின் லைடனிலும், பௌன் ருமேனியாவின் புகாரெஸ்டிலும் பணியாற்றியவர்கள். மொழிக் கோட்பாட்டில் பழகிய கைகள் இவர்களுடையவை என்பது நூலின் அமைப்பிலேயே தெரிகிறது. முதல் இரண்டு அத்தியாயங்கள் உயிரியலுக்கும் தொடக்ககாலச் சோதனைகளுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மூன்றாம் அத்தியாயம் மொழிக் கோட்பாட்டின் அடிப்படைகளைத் தருகிறது. அதன் பின் ஸ்டிக்கர் முறைமைகள், வாட்சன்–கிரிக் தானியங்கிகள், செருகல்–நீக்கல் முறைமைகள் ஆகியவை தலா ஓர் அத்தியாயத்தைப் பெறுகின்றன. ஏழிலிருந்து பதினொன்று வரையுள்ள ஐந்து அத்தியாயங்களும் ஸ்ப்ளைசிங் முறைமைகளுக்கே, அதாவது சரங்களை வெட்டி ஒட்டும் முறைமைகளுக்கே, உரியவை. நூலாசிரியர்களின் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு இந்தப் பங்கீடே சாட்சி.

தொடக்க அத்தியாயங்கள் எளிமையானவை. லியனார்டு ஏடெல்மன் 1994-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனை நன்றாக விவரிக்கப்பட்டுள்ளது. ஏழு ஊர்களைக் கொண்ட ஒரு வரைபடத்தில் ஒவ்வோர் ஊரையும் ஒரே ஒரு முறை தொட்டுச் செல்லும் பாதை உண்டா என்ற கேள்விக்கு, ஊர்களையும் சாலைகளையும் இருபது எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டுகளாக எழுதி, அவற்றைத் தாமாகவே ஒட்டிக்கொள்ளவிட்டு, வேண்டாதவற்றைப் படிப்படியாக வடித்தெடுத்து அவர் விடை கண்டார். இதற்கு ஆய்வகத்தில் சுமார் ஏழு நாள் ஆனது. அதையடுத்து, தருக்கச் சிக்கல்களையும் இவ்வாறே தீர்க்க ரிச்சர்டு லிப்டன் 1995-ல் முன்வைத்த திட்டமும், டி.இ.எஸ். என்னும் சங்கேத முறையை மூலக்கூறுகளால் உடைக்கும் யோசனையும் வருகின்றன. நூல் வெளிவந்த அதே 1998-ல், ஜூலை மாதத்தில், டி.இ.எஸ். சாவியைச் சிலிக்கான் சில்லுகளால் ஆன ஒரு தனிப்பயன் பொறி 56 மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது என்பதை இன்று நினைவில் வைத்துக்கொண்டு படிக்கும்போது இந்தப் பகுதி சற்றுப் பழைய பத்திரிகைச் செய்தி போலத்தான் இருக்கிறது. ஆயினும் டி.என்.ஏ.வின் அமைப்பு, வெட்டும் நொதிகள், ஒட்டும் லிகேஸ் நொதி, பிரதி எடுக்கும் பி.சி.ஆர். முறை ஆகியவற்றைக் கணிதம் படித்தவருக்குப் புரியும் மொழியில் சொல்லும் முதல் அத்தியாயம் பழையதாகவில்லை. உயிரியல் பாடத்தைப் பள்ளியோடு விட்டுவிட்ட ஒருவர்கூட அதைப் படித்து மேலே போகலாம்.

மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொழிகளை ஆற்றல் வரிசையில் படிப்படியாக அடுக்கும் சோம்ஸ்கியின் படிநிலை, தானியங்கிகள், இலக்கணங்கள், மொழிகளின் மீதான செயல்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை ஏற்கெனவே தெரிந்தவருக்கான நினைவூட்டலாகவே இருக்கின்றன. முடிவுறு தானியங்கியை, அதாவது சில நிலைகளுக்குள் மட்டும் மாறிக்கொண்டே சரத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கும் கற்பனைப் பொறியை, இதற்கு முன் வரைந்து பார்க்காதவர் இங்கிருந்து கற்றுக்கொண்டு எட்டாம் அத்தியாயத்தைப் புரிந்துகொள்வார் என்று நான் நம்பவில்லை.

நூலின் உயிர் ஏழாம் அத்தியாயத்தில் தொடங்குகிறது. அதன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாக்கள் தம்முள் நுழையும் அயல் டி.என்.ஏ.வை வெட்டுவதற்கு வைத்திருக்கும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரைத் தேடிக் கண்டு, அதற்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகின்றன. இந்த நொதிகளைப் பற்றிய ஆய்வுக்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோர் 1978-ல் நோபல் பரிசு பெற்றனர். ஈகோ ஆர்-1 என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்துத் தொடரில் முதல் ‘ஜி’-க்கு அடுத்து வெட்டும். இந்தத் தொடரின் எதிர் இழையை எதிர்த்திசையில் படித்தாலும் அதே தொடர்தான் வரும். ‘விகடகவி’ போல எழுத்துகளை அப்படியே திருப்பிப் படிக்கும் மாலைமாற்று அன்று இது. ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று இணை எழுத்துகளை மாற்றிக்கொண்டு திருப்பினால் வரும் மாலைமாற்று. இரண்டு இழைகளிலும் வெட்டு ஒரே நேர்கோட்டில் விழாமல் விலகி விழுவதால், இரண்டு துண்டுகளின் ஓரத்திலும் ஒற்றை இழை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒத்த முனை கிடைத்தால் அது ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நூல் அதை மிகச் சரியாகக் கையாள்கிறது. டாக்-1 என்ற நொதி டி-சி-ஜி-ஏ என்ற தொடரில் முதல் எழுத்துக்குப் பின் வெட்டுகிறது. ஜி-சி-ஜி-சி என்ற தொடரை அடையாளம் காணும் நொதிகளில் ஒன்று அதன் முதல் எழுத்துக்குப் பின்னும், ஹா-1 என்ற மற்றொன்று மூன்றாம் எழுத்துக்குப் பின்னும் வெட்டுகின்றன. மூன்றுமே சி-ஜி என்ற ஈரெழுத்து முனையைத்தான் விடுகின்றன. ஆனால் முதல் இரண்டு விடும் முனைகள் ஒரே திசையிலும் மூன்றாவது விடுவது எதிர்த் திசையிலும் நீட்டிக்கொண்டிருப்பதால், முதல் இரண்டின் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். மூன்றாவதன் துண்டு அவற்றோடு ஒட்டாது. இந்த வேறுபாட்டை எழுத்துச் சரங்களின் மொழியில் பிடித்துவைக்க வேண்டுமானால், வெறும் முனையைச் சொன்னால் போதாது. வெட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன இருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். கணிதவியலர் டாம் ஹெட் 1987-ல் ‘புல்லட்டின் ஆஃப் மேதமேட்டிகல் பயாலஜி’ இதழில் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் முதன்முதலில் செய்தது. ஏடெல்மனின் சோதனைக்கு ஏழு ஆண்டுகள் முன்பே இந்தக் கோட்பாடு பிறந்துவிட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஹெட்டின் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே ஸ்ப்ளைசிங் முறைமைகளை ஹெச் முறைமைகள் என்று அழைக்கின்றனர்.

நூல் பயன்படுத்துவது ஹெட்டின் மூல வரையறையை அன்று. பௌன் பின்னர் தந்த பொது வடிவத்தை. ஒரு விதி என்பது உ1, உ2, உ3, உ4 என்ற நான்கு துண்டுகள். முதல் சரத்தில் உ1-ஐத் தொடர்ந்து உ2 வந்தால் அவற்றின் நடுவே வெட்டு; இரண்டாம் சரத்தில் உ3-ஐத் தொடர்ந்து உ4 வந்தால் அவற்றின் நடுவே வெட்டு. முதலாவதன் இடப்பாதியையும் இரண்டாவதன் வலப்பாதியையும் ஒட்டினால் புதிய சரம் கிடைக்கும். தொடக்கச் சரங்கள் சிலவற்றையும் விதிகள் சிலவற்றையும் வைத்துக்கொண்டு, கிடைத்தவற்றையே மீண்டும் மீண்டும் வெட்டி ஒட்டிக்கொண்டே போனால் வரும் எல்லாச் சரங்களும் சேர்ந்ததே அந்த முறைமையின் மொழி. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் மட்டும் பார்த்துப் புணர்ச்சி விதி செயல்படுவதைப்போல, ஸ்ப்ளைசிங் விதியும் வெட்டிடத்தை ஒட்டிய சில எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது. சரத்தின் மறுகோடியில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இந்த ஒப்புமை நூலில் இல்லை, என்னுடையது. ஆனால் இதைச் சொன்ன பிறகு வகுப்பில் வரையறையை இரண்டாம் முறை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

மறுகோடி தெரியாத இந்தக் குறைதான் அடுத்து வரும் தேற்றத்தின் காரணம். தொடக்கச் சரங்களும் விதிகளும் முடிவுறு எண்ணிக்கையில் இருந்தால், எவ்வளவு முயன்றாலும் கிடைப்பது ஒழுங்கு மொழிதான், அதாவது முடிவுறு தானியங்கியால் அடையாளம் காணக்கூடிய மொழிதான். கரல் கூலிக்கும் டெரோ ஹார்யுவும் 1991-ல் நிறுவியது இது. டெனிஸ் பிக்ஸ்டன் பின்னர் தானியங்கியை நேரடியாகக் கட்டிக் காட்டும் நிறுவலைத் தந்தார். விதிகளைச் சாதாரணப் பார்வையில் பார்க்கும் எவரும் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். பிறந்த சரங்களே மீண்டும் மூலப்பொருளாகின்றன; எல்லையில்லாமல் கலக்கின்றன; அப்படியிருந்தும் மொழி ஒரு சிறு தானியங்கிக்குள் அடங்கிவிடுகிறது. நூலில் இந்த நிறுவல் பல பக்கங்களுக்கு நீள்கிறது. அதன் ஒவ்வொரு படியும் சரியாக இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி அமைகிறது என்று ஒரு பத்தியில் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். வெட்டிடத்துக்கு வலப்புறம் வரக்கூடியது எதுவோ அதற்குத் தானியங்கியில் ஒரு பாலம் போட்டால் போதும், விதிகள் முடிவுறு எண்ணிக்கையில் இருப்பதால் பாலங்களும் ஓரிடத்தில் நின்றுவிடும் என்ற அளவுக்காவது ஒரு முன்னுரை இருந்திருந்தால், மாணவர் குறியீடுகளுக்குள் தொலைந்துபோகாமல் இருப்பார்.

இதன் மறுதலை பொய் என்பதையும், அதாவது எல்லா ஒழுங்கு மொழிகளும் இப்படிக் கிடைத்துவிடா என்பதையும், நூல் தெளிவாக எடுத்துரைக்கிறது. அதை விளக்க நான் வகுப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, ‘அ’ என்ற ஒரே எழுத்தால் ஆன இரட்டைப்படை நீளச் சரங்களின் தொகுதி: அஅ, அஅஅஅ, அஅஅஅஅஅ என்று போவது. முடிவுறு தொடக்கச் சரங்களிலிருந்து இந்த முடிவில்லாத தொகுதி வர வேண்டுமென்றால் ஏதேனும் ஒரு விதியாவது பயன்பட்டிருக்க வேண்டும். எல்லா எழுத்தும் ‘அ’ என்பதால், நீளமான சரம் ஒன்றில் அந்த விதி எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டலாம். ஓரெழுத்து தள்ளி வெட்டினால் ஒற்றைப்படை நீளச் சரம் பிறந்துவிடும். தொகுதி கெட்டது. ஆனால் ஒவ்வொரு சரத்தின் தலையிலும் ‘க’ என்ற வேறோர் எழுத்தை வைத்துவிட்டால் கதை மாறுகிறது. ஒரு சரத்தைக் ‘கஅஅ’ என்பதற்குப் பின்னும் மற்றொன்றைக் ‘க’ என்பதற்குப் பின்னும் வெட்டி ஒட்டும் ஒரே விதி போதும். இரட்டைப்படை ஒருபோதும் தவறாது. எந்த ஒழுங்கு மொழிக்கும் இப்படித் தலையில் ஒரு புதிய எழுத்தைச் சூட்டினால் அது ஸ்ப்ளைசிங் மொழியாகிவிடும் என்பதை ஹெட் காட்டியிருக்கிறார். எண்ணிக்கை தெரியாத விதிக்குத் தொடக்கம் எது என்று காட்டும் ஓர் அடையாளம் கிடைப்பதே இத்தனை மாற்றத்தைச் செய்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி நூல் செய்யும் பெரிய தாவல். முறைமையில் துணை எழுத்துகளை அனுமதித்து, இறுதியில் அவை இல்லாத சரங்களை மட்டும் எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது நீட்டித்த ஹெச் முறைமை. முடிவுறு விதிகளோடு இது சரியாக ஒழுங்கு மொழிகள் எல்லாவற்றையும் தருகிறது. அதற்கு மேல் ஒன்றையும் தருவதில்லை. ஆனால் நான்கு துண்டுகளையும் இடையே பிரிப்புக்குறிகள் இட்டு ஒரே சரமாக எழுதினால், விதிகளின் தொகுதியும் ஒரு மொழிதானே? அந்த விதி மொழியை முடிவுறு தொகுதியிலிருந்து ஒழுங்கு மொழியாக ஒரு படி மட்டும் உயர்த்தினால், முறைமையின் ஆற்றல் ஒரு படி உயர்வதில்லை. இடையிலுள்ள அத்தனை படிகளையும் தாண்டி, எந்தக் கணினியின் வேலையையும் செய்யக்கூடிய கற்பனைப் பொறியான டூரிங் பொறியால் அடுக்கித் தரக்கூடிய எல்லா மொழிகளுக்கும் போய்விடுகிறது. முறைசார் மொழிக் கோட்பாட்டில் இவ்வளவு சிறிய முதலீட்டுக்கு இவ்வளவு பெரிய வரவு கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

அந்த நிறுவலின் உத்திக்குச் ‘சுழற்றிப் போலச்செய்தல்’ என்று பொருள்படும் பெயரை ஆசிரியர்கள் வைத்திருக்கிறார்கள். வெட்டி ஒட்டுதல் சரத்தின் ஓரத்தில்தான் எளிதாக நடக்கும். டூரிங் பொறிக்கு நிகரான இலக்கணத்தின் விதியோ சரத்தின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றம் செய்யச் சொல்லும். எனவே சரத்தின் இரு முனைகளிலும் அடையாள எழுத்துகளை நிறுத்தி, வலது ஓரத்து எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து இடது ஓரத்தில் வைத்துச் சரத்தையே சுழற்றுகிறார்கள். மாற்ற வேண்டிய பகுதி வலது ஓரத்துக்கு வந்ததும் மாற்றம் நடக்கிறது. உண்மையான தொடக்கம் எங்கே என்பதைத் தனி எழுத்தொன்று நினைவில் வைத்திருக்கிறது. வலது ஓரத்தில் எடுத்த எழுத்தும் இடது ஓரத்தில் வைத்த எழுத்தும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பதுதான் சிக்கல். ஒழுங்கு மொழியாக அமைந்த விதிகள் இங்கே கைகொடுக்கின்றன. ஒவ்வொரு விதியும் சரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுவதையும் தனக்குள் அடக்கிக்கொண்டு இரு முனைகளையும் ஒருசேரப் பார்த்துவிடுகிறது. ரோசன்பெர்க் போல்கானி என்ற பெயரில் மேடைகளில் மாயவித்தை செய்பவரும்கூட. இந்த நிறுவலைப் படிக்கும்போது சீட்டுக்கட்டைச் சுழற்றிச் சுழற்றிக் குறித்த சீட்டை மேலே கொண்டுவரும் கை எனக்கு நினைவுக்கு வருவது தற்செயலாக இருக்கலாம்.

வித்தையின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. என் முதன்மையான விமர்சனமும் இங்கேதான் தொடங்குகிறது. சரம் முழுவதையும் அடக்கிய விதி என்றால், அதற்கு நிகரான நொதி எவ்வளவு நீளமான தொடரையும் அடையாளம் காண வேண்டும். அப்படிப்பட்ட நொதிகள் எண்ணற்றவையாகவும் இருக்க வேண்டும். ஈகோ ஆர்-1 காண்பது ஆறெழுத்து; நாட்-1 போன்ற ‘அரிதாக வெட்டும்’ நொதிகள் காண்பது எட்டெழுத்து. ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. முடிவுறாத விதித் தொகுதி நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ஏற்றுக்கொண்டு, எட்டாம் அத்தியாயம் முழுவதையும் முடிவுறு விதிகளைக் கொண்டே அதே ஆற்றலை அடையும் வழிகளுக்கு ஒதுக்குகிறார்கள். குறிப்பிட்ட எழுத்து சரத்தில் இருந்தால் மட்டும் விதி செயல்படும் என்ற அனுமதி நிபந்தனை, இருந்தால் செயல்படாது என்ற தடை நிபந்தனை, ஒரு விதிக்குப் பின் எந்த விதி வரலாம் என்ற நிரல், ஒவ்வொரு சரத்துக்கும் பிரதிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளுதல் என்று வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் டூரிங் பொறியின் ஆற்றலை எட்டுகிறது; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறுவல்.

இவற்றுள் பிரதிகளைக் கணக்கில் கொள்ளும் வழி ஒன்றுதான் என்னை உண்மையில் நிறுத்தி வைத்தது. சாதாரண ஸ்ப்ளைசிங் முறைமையில் இரண்டு சரங்களை வெட்டி ஒட்டிய பின்னும் அந்த இரண்டும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு சரமும் வற்றாத அளவில் கிடைப்பதாகப் பொருள். அதனால்தான் தவறான கலப்புகளைத் தடுக்க முடிவதில்லை. மொழி ஒழுங்கு மொழியாகத் தேங்கிவிடுகிறது. குறிப்பிட்ட சரம் ஒரே ஒரு பிரதிதான் உண்டு, வெட்டினால் அது தீர்ந்துபோகும் என்று சொன்ன உடனேயே முறைமைக்கு நினைவாற்றல் வந்துவிடுகிறது. கணிதமாக இது அழகானது. ஆய்வகத்திலோ ஒரு சோதனைக்குழாயில் ஒரே ஒரு மூலக்கூறு மட்டும் இருக்கிறது என்று உறுதிசெய்வது, எண்ணற்ற நொதிகளைத் தேடுவதற்குக் குறையாத சிரமம். அனுமதி நிபந்தனைகளுக்கு ஊக்கிகளையும் தடை நிபந்தனைகளுக்குத் தடுப்பிகளையும் உயிர்வேதியியல் இணைகளாகச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. விதிக்கு ஒரு ஊக்கி என்று நூற்றுக்கணக்கில் தேர்ந்தெடுத்து, அவை ஒன்றோடொன்று குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது சொல்லப்படவில்லை. ஒரு சிரமத்தைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு இன்னொன்றைச் சன்னல் வழியே உள்ளே விடும் இந்தப் போக்கை ஏழெட்டு வகைகளில் தொடர்ந்து படித்து முடிக்கையில் அயர்ச்சி வருகிறது. இவற்றில் மூன்றை முழுமையாக நிறுவிவிட்டு மற்றவற்றை ஓர் அட்டவணையில் தந்திருந்தால் அத்தியாயம் பாதியாகியிருக்கும், பயன் குறைந்திருக்காது.

நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை இங்கே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் முறைமைகள் ஒற்றை இழைத் துண்டுகள் ஒட்டி இரட்டை இழையாக வளர்வதையும், வாட்சன்–கிரிக் தானியங்கிகள் இரட்டை இழையை இரு தலைகளால் படிப்பதையும் மாதிரியாகக் கொண்டவை. இரண்டுக்கும் அடியில் ஒரே ஒரு பழைய தேற்றம் ஓடுகிறது. யோஸ்ட் எங்கல்ஃப்ரீட்டும் ரோசன்பெர்க்கும் 1980-ல், டி.என்.ஏ. கணிமை என்ற பேச்சே இல்லாத காலத்தில், இரட்டைக் கலப்பு மொழி என்ற ஒன்றைப் பற்றி நிறுவியது அது. ஒரு சொல்லையும், அதன் எழுத்துகள் ஒவ்வொன்றின் மேலும் கோடிட்ட அதன் நகலையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் எழுத்து வரிசை குலையாமல் எப்படியெல்லாம் கலக்க முடியுமோ அப்படியெல்லாம் கலந்தால் வரும் சரங்களே அந்த மொழி. டூரிங் பொறியால் அடுக்கக்கூடிய எந்த மொழியையும் இந்த ஒரே மொழியிலிருந்து, ஒரு சரத்தைப் படித்துக்கொண்டே வேறொன்றை எழுதும் ஓர் எளிய முடிவுறு மொழிபெயர்ப்பியால் பெற்றுவிடலாம். பூச்சியம், ஒன்று ஆகிய இரு குறிகளும் அவற்றின் கோடிட்ட இணைகளும் சேர்ந்தால் நான்கு எழுத்து, டி.என்.ஏ.வுக்கும் நான்கு எழுத்து, அவையும் இணை இணையாக. இரட்டை இழையின் இணைப்பொருத்தத்துக்குள்ளேயே முழுக் கணிப்பு ஆற்றலும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, இயற்கை அதை இலவசமாகத் தருகிறது என்று ஆசிரியர்கள் இதிலிருந்து காட்டும்போது, அது அவர்களுடைய உற்சாகமான மிகைக்கூற்றன்று. நூல் முழுவதிலும் உயிரியலும் மொழிக் கோட்பாடும் ஒன்றையொன்று உண்மையாகவே தொடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். செருகல்–நீக்கல் முறைமைகளைப் பற்றிய ஆறாம் அத்தியாயம் இவ்வளவு தூரம் போவதில்லை, தேவையுள்ளவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் அத்தியாயம் வட்டச் சரங்களைப் பற்றியது. பாக்டீரியாவின் பிளாஸ்மிட் தொடக்கமும் முடிவும் இல்லாத வளையமாக இருப்பதால், வளையங்களை வெட்டி ஒட்டுவது உயிரியலுக்கு இயல்பான கேள்வி. தமிழ் வாசகர் இந்த அத்தியாயத்தைத் தனிக் கவனத்தோடு பார்க்கக் காரணம் உண்டு. வட்ட டி.என்.ஏ.வையும் ஸ்ப்ளைசிங் முறைமைகளையும் இணைத்த முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்று, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய ராணி சிரோமணி, கே.ஜி. சுப்பிரமணியன், வி. ராஜ்குமார் தேர் ஆகியோர் 1992-ல் எழுதியது. கோலங்களை இருபரிமாண இலக்கணங்களால் விவரித்த ஆய்வுகளுக்காக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த குழு அது. டி.என்.ஏ. கணிமை உலகச் செய்தியாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஹெட்டின் கோட்பாட்டை எடுத்து வளையத்துக்கு விரித்தவர்கள் அவர்கள் என்பது, இந்தத் துறையின் வரலாற்றைப் பேசும் தமிழ்க் கட்டுரைகளில்கூடக் காணக் கிடைப்பதில்லை.

வட்டச் சரங்கள் எவ்வளவு வேறுபட்டவை என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். தாளில் வளையம் வரைந்து பார்க்கலாம். ‘அஇ’ என்ற இரண்டெழுத்து வளையம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம். ஒரு வளையத்தை ‘அ’-வுக்கும் அடுத்து வரும் ‘இ’-க்கும் இடையிலும், மற்றொரு வளையத்தை ‘இ’-க்கும் அடுத்து வரும் ‘அ’-வுக்கும் இடையிலும் வெட்டி, இரண்டையும் ஒரே வளையமாக ஒட்டும் ஒரே விதியை எடுத்துக்கொள்வோம். முதல் முறை ஒட்டினால் இரண்டு ‘அ’, தொடர்ந்து இரண்டு ‘இ’ கொண்ட வளையம் வரும். எத்தனை முறை ஒட்டினாலும் எத்தனை ‘அ’-வோ அத்தனை ‘இ’, எல்லா ‘அ’-வும் ஒரே தொகுப்பாக, எல்லா ‘இ’-யும் ஒரே தொகுப்பாக இருக்கும். இப்படி எண்ணிக்கையைச் சமமாக வைத்திருப்பது முடிவுறு தானியங்கியால் ஆகாத காரியம். நேர்ச் சரங்களில் முடிவுறு விதிகள் ஒழுங்கு மொழியைத் தாண்டா என்ற தேற்றம் வளையத்தில் ஒரே விதியில் உடைந்துவிடுகிறது. ஏழாம் அத்தியாயத்தின் தேற்றத்துக்குச் செலவிட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால், இந்த அத்தியாயத்துக்குக் கிடைத்த இடம் போதாது என்பதே என் எண்ணம்.

வேலையைப் பல கூறுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், பத்தாம் அத்தியாயத்தின் பரவல் முறைமைகளைக் காலம் முந்திவிட்டது. விதித் தொகுதி நேரத்துக்கேற்ப மாறி மாறி வரும் முறைமைகள் டூரிங் பொறியின் ஆற்றலை எட்ட நூல் ஏழு கூறுகளைக் கேட்கிறது. மோரிஸ் மார்கன்ஸ்டெர்னும் யூரி ரோகோஜினும் 2001-ல் ஒரே கூறு போதும் என்று காட்டிவிட்டார்கள். அதே 2001-ல் பாவோலா போனிட்சோனியும் உடன் ஆய்வாளர்களும், ஹெட், பௌன், பிக்ஸ்டன் ஆகிய மூவர் தந்த மூன்று வரையறைகளும் ஆற்றலில் ஒன்றல்ல, ஒன்றைவிட மற்றது உண்மையாகவே வலியது என்று பிரித்துக் காட்டினார்கள். தரப்பட்ட ஓர் ஒழுங்கு மொழி ஸ்ப்ளைசிங் மொழியா என்று தீர்மானிக்க முடியும் என்பதை லிலா கரியும் ஸ்டெஃபன் கொபெக்கியும் 2012-ல் நிறுவினர். ஆகவே இந்த நூலை மட்டும் படித்துவிட்டு ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர், தீர்ந்துபோன கேள்வியைத் திறந்த கேள்வி என்று எண்ணிப் புறப்பட வாய்ப்புண்டு. சோதனைப் பக்கத்திலும், ஏடெல்மனின் குழு 2002-ல் இருபது மாறிகள் கொண்ட ஒரு தருக்கச் சிக்கலைத் தீர்த்ததற்குப் பின் அந்தப் பாதையில் பெருவெள்ளம் ஏதும் வரவில்லை.

குறியீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முறைமைகளின் ஒவ்வொரு வகைக்கும் தனிச் சுருக்கெழுத்து. அவற்றின் மேலும் கீழும் சிறிய எழுத்துகள். தொடக்கத் தொகுதியின் வகை, விதித் தொகுதியின் வகை என்று அடைப்புக்குள் இரண்டு பெயர்கள். பழகிவிட்டால் ஒரே வரியில் ஒரு தேற்றத்தைச் சொல்லிவிடும் வசதி இது; பழகும் வரை கையில் ஒரு தாளில் பட்டியல் எழுதிவைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. அயல்நாட்டுக் கெட்டி அட்டைப் பதிப்பின் விலை நம் ஊர் மாணவருக்கு ஏற்றதன்று. பல்கலைக்கழக நூலகத்திலோ துறை நூலகத்திலோ தேடிப் பார்ப்பது நல்லது. முதுகலைக் கணிதம் அல்லது கணினி அறிவியல் படித்து, தானியங்கிக் கோட்பாட்டில் ஒரு தாளாவது எழுதியவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறேன். அவர்களும் அத்தியாய வரிசைப்படி போக வேண்டாம். முதல் அத்தியாயத்தில் நொதிகளைப் பற்றிய பகுதியை முடித்துவிட்டு நேராக ஏழாம் அத்தியாயத்துக்குச் செல்லலாம். அங்கே தேற்றத்தையும் சுழற்றும் நிறுவலையும் சொந்தக் கையால் எழுதிப் பார்த்த பின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கும், அதன் பிறகு இரட்டைக் கலப்பு மொழிக்காக நான்கு, ஐந்தாம் அத்தியாயங்களுக்கும் வரலாம். எட்டாம் அத்தியாயத்தில் அனுமதி நிபந்தனை பற்றிய பகுதியும் பிரதிகளின் எண்ணிக்கை பற்றிய பகுதியும் போதும். பத்தாம் அத்தியாயத்தை 2001-க்குப் பிந்தைய கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் திறக்கவும்.